தொங்கவிட்டவரே கழற்ற வேண்டும்

“சயோ, என் வண்டியைக் கீழ இறக்கி வை. நாளைக்குக் காலையில பழைய இரும்புக்காரன் வர்றான்.”

வணக்கம் இல்லை, குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டோஃபுக் கடை உமேனோசான் பட்டறைக்குள் வந்ததே இந்தப் பேச்சோடுதான். ஒரு கையில் மூடி போட்ட டோஃபு வாளி, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் வெள்ளைத் துண்டு. மலைக்குப் பின்னால் பனி மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ஊரில் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில், பனியில் வழுக்காத குளிர்கால டயர் ஞாபகம் வந்துவிட்டது. வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. காலையிலிருந்து சயோகோவுக்கு முதுகை நிமிர்த்த நேரமில்லை.

“எந்த வண்டி?” என்றாள் சயோகோ, நட்டு முறுக்கும் கையை நிறுத்தாமல்.

“எனக்கு என்ன ஏழெட்டு வண்டியா ஓடுது? அதோ உள்ள, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு நிக்குதே, கோழி தீனி பொறுக்கற மாதிரி. அதான்.”

சயோகோ திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். பட்டறையின் கடைசி மூலையில் உமேனோசானின் சின்ன வெள்ளை லாரி நின்றது. பின் சக்கரங்களைக் கழற்றி, பின்பாகத்தை இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்திருந்தது. முன் சக்கரங்கள் தரையில், கட்டை கொடுத்து. ஸ்டியரிங்கில் கயிறு கோத்த ஒரு மரப்பலகை. பலகையில் சிவப்பாக ‘வேலை நடக்கிறது’ என்று இருக்கும். அதன் கீழே கறுப்பு மையில் பெயர்: மசனோபு.

வேலை ஒன்றும் நடக்கவில்லை. இது ஐந்தாவது குளிர்காலம். பலகையைத் தொங்கவிட்ட மசனோபு, சயோகோவின் புருஷன், மலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுப் பேரிக்காய்த் தோட்டத்தில் இருந்தார்.

“பலகை தொங்குதே” என்றாள் சயோகோ.

“கழட்டு.”

“நான் கழட்டக் கூடாது உமேனோசான். தொங்கவிட்டவங்கதான் கழட்டணும்.”

“பட்டறை உன்னுது. வண்டி என்னுது. நடுவுல அந்தப் பலகை யாரு, ஊர்த்தலைவரா?”

சயோகோவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் தலையை ஆட்டினாள். பட்டறைத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. ஒருத்தர் வண்டிக்கு அடியில் கிடப்பார். இன்னொருத்தர் தெரியாமல் வந்து சாவியைத் திருப்புவார். அதற்குத்தான் பலகை. மாட்டின கைதான் எடுக்க வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தால் வருகிறவரைக்கும் நிற்க வேண்டும். காய்ச்சல் வந்து வீட்டில் படுத்திருந்தால் போன் செய்து கேட்க வேண்டும். அதுவும் அவர் வாயால் சொல்லி, நம் காதால் கேட்க வேண்டும். ‘அவர் சரின்னாராம்’ என்று மூன்றாவது ஆள் வந்து சொன்னால் செல்லாது.

“அஞ்சு வருஷமா ஒரு ஆள் சாப்பிடப் போயிருக்காரு” என்றார் உமேனோசான். “நீயும் வரட்டும் வரட்டும்னு நிக்கறே. அப்படி என்ன சாப்பாடோ.”

“பேரிக்காய்.”

“அதை மட்டும் வருஷா வருஷம் அனுப்பத் தெரியுது. ஒரு பெட்டி. உள்ள ஒரு வரி கிடையாது. அதுல பாதி என் வீட்டுக்கு வருது, நல்ல பழந்தான், குறை சொல்லல. ஆனா பழம் பேசாது பாரு.”

சயோகோ கடைசி நட்டையும் முறுக்கி, ஒவ்வொன்றாக விரலால் சுட்டி, “முறுக்கு, யோஷி” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றி வந்தாள்.

அந்த யோஷியும் மூச்சு மாதிரிதான். கண்ணால் பார், விரலை நீட்டு, வாயால் பெயர் சொல்லு, பார்த்தாச்சு என்பதற்கு ஒரு ‘யோஷி’. ரயில் ஓட்டுகிறவர் தனியாக இருந்தாலும் விளக்கைப் பார்த்துச் சொல்லுவார். பட்டறையில் இருவராக இருந்தால் ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பி வராத வரைக்கும் வண்டிக்கு அடியில் கை போகக் கூடாது. மசனோபுவும் சயோகோவும் கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சொல்லித்தான் வேலை செய்தார்கள். அவர் குரல் கனமாக இருக்கும், இவளது உச்சத்தில் எழும்பும். “உங்க பட்டறை தவளைக் குளம் மாதிரி இருக்கு, ஒண்ணு கத்தினா ஒண்ணு கத்துது” என்று உமேனோசானே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறார்.

அந்தப் பழக்கமே ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவர்கள் காலை வாரிவிட்டது. இதே வெள்ளை லாரி, பின் பிரேக் வேலை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, கியரும் பிடிக்காது. முன் சக்கரத்துக்கு வைக்கிற கட்டை ஒன்றுதான் எல்லாம். கட்டை எப்போதும் இருக்கிற இடத்துக்கு மசனோபு விரலை நீட்டினார். “கட்டை, யோஷி” என்றார். விரல் போன இடத்துக்குக் கண் போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சயோகோவும் “யோஷி” என்றாள், அவளும் பார்க்கவில்லை. கட்டை அங்கே இல்லை. வாசலில் நின்ற இன்னொரு வண்டிக்கு வேண்டுமென்று அவளே எடுத்துப் போயிருந்தாள். ஜாக்கி ஏறியது, ஸ்டாண்டை வைப்பதற்குள் லாரி மெல்ல நகர்ந்தது, நழுவி உட்கார்ந்தது. டயருக்கும் தகட்டுக்கும் நடுவே சயோகோவின் இடது கை இருந்தது.

இரண்டு விரல்கள். விரல்கள் போகவில்லை, இருந்தன, மடங்குவதுதான் இல்லை. “மோதிரத்தைக் கழற்றி வைத்திருந்தீர்களே, அதனால் மோதிர விரல் பிழைத்தது” என்று டாக்டர் சொன்னார். பேட்டரியைத் தொடுமுன் மோதிரத்தை ஆணியில் மாட்டிவிடுவது அவர்கள் வழக்கம். அன்று மாட்டியது இன்றும் ஆணியில்தான் இருந்தது. முட்டி வீங்கிக் கெட்டியாகிவிட்டதால் மோதிரம் உள்ளே போகவில்லை.

கை ஆறும் வரை மசனோபு கூடவே இருந்தார். சோறு ஊட்டினார், தலை துவட்டினார், கடையைச் சாத்தியே வைத்தார். லாரியை ஸ்டாண்டில் ஏற்றி, கட்டை வைத்து, பலகை தொங்கவிட்டார். பிறகு வேலையைத் தொடங்குகிற முதல் நாள், வண்டிக்கு முன்னால் நின்று விரலை நீட்டினார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றார். வரவில்லை. அன்று சாயங்காலம், “அண்ணன் தோட்டத்துல பழம் பறிக்க ஆள் பத்தலையாம், போய்ட்டு வர்றேன்” என்றார். ‘போய்ட்டு வர்றேன்’ என்றுதான் சொன்னார். சயோகோ அதை நன்றாகக் கேட்டாள்.

“இரும்புக்காரன் வந்தா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான். அதோட பலகையும் போயிடும்” என்றார் உமேனோசான், மண்ணெண்ணெய் அடுப்பருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. அதில் கொதித்த கெட்டிலிலிருந்து தானே தேநீர் ஊற்றிக்கொண்டார். “போன் பண்ணு. நீ பண்ற வரைக்கும் நான் இங்கதான்.”

“டோஃபு?”

“டோஃபு தண்ணியில இருக்கு. அதுக்கு அவசரம் இல்ல. எனக்குத்தான் அவசரம். எழுபது வயசுல எனக்கு எதுக்குடி நகராத வண்டி?”

சயோகோ துணியில் கையைத் துடைத்தாள். வேண்டுமென்றே மெதுவாகத் துடைத்தாள். லாரி போய்விட்டால் அந்த மூலை காலியாகும். கூட்டிப் பெருக்கலாம், இன்னொரு வண்டி நிறுத்தலாம். மசனோபு விட்டுப்போன வேலை என்று இந்தப் பட்டறையில் எதுவும் இருக்காது. பாதியில் விட்ட வேலை இருக்கிற வரைக்கும்தானே ஒரு ஆள் போயிருக்கிறார் என்று சொல்ல முடியும்; அது முடிந்துவிட்டால் இல்லை என்றுதானே சொல்ல வேண்டும்.

சுவரோரம் டயர் அடுக்கு. ஊர்க்காரர்கள் கோடைக்குக் கொண்டுவந்து போட்டுப் போகிற குளிர்கால டயர்கள், பெயர் எழுதிய சீட்டோடு. இந்த வாரத்தில் அடுக்கு காலியாகிக்கொண்டே வந்தது. மேல்தட்டில் இரண்டு ஜோடியாக நான்கு டயர்கள் மட்டும் எந்த வருஷமும் இறங்குவதில்லை. அந்தச் சீட்டிலும் மசனோபு என்றுதான் இருந்தது. வருஷா வருஷம் சயோகோ அவற்றைத் தூசி தட்டிவிட்டு அப்படியே வைப்பாள்.

“இத்தனை நாள் நான் கூப்பிடாததுக்குக் காரணம் இருக்கு” என்றாள்.

“தெரியும். தொங்கவிட்டவர் கழட்டணும். புருஷனுக்கும் அதே சட்டம், போனவரே தானா வரணும்.”

சயோகோ துணியைக் கீழே போட்டாள். போனை எடுத்தாள்.

மணி ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தது மசனோபுவின் அண்ணி.

“யாரு? சயோகோவா? அட. இரு இரு, வச்சிடாதே. மரத்து மேல இருக்காரு. கிளை வெட்டறாரு. இறக்கிக் கொண்டாரேன்.” செருப்பு ஓடுகிற சத்தம். ஓடிக்கொண்டே அண்ணி பேசினார்: “ஒவ்வொரு தடவையும் மூணு கால் ஏணியில ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காலையும் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. விரலை நீட்டுறாரு. ஆனா வாயே தொறக்கறதில்ல. என் வீட்டுக்காரரு கேக்குறாரு, இவன் ஏணிக்கு ஊமை பாஷையில ஏதாவது சொல்றானான்னு. மசனோபு, கீழ வாங்க. உங்க வீட்ல இருந்து.”

பிறகு போனில் காற்று மட்டும் கேட்டது.

“சயோ.”

“ம்.”

“கை எப்படி இருக்கு?”

“நட்டு முறுக்குது. சூப்பு கிண்ணம் பிடிக்குது. அது போதும்.” சயோகோ போனை டூல் தட்டில் வைத்து, சத்தத்தை ஏற்றினாள். இரண்டு கையும் வேண்டியிருந்தது. “உமேனோசான் லாரியைக் கேக்கறாங்க. நாளைக்கு இரும்புக்குப் போகுதாம். பலகை உங்க பேர்ல இருக்கு. உங்க வாயால கேக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

“அதுக்குத்தானா?”

“அதுக்குத்தான்.”

அடுப்பருகே உமேனோசான் தேநீர்க் கிண்ணத்துக்குள் ஏதோ முனகினார்.

“இறக்கறதுக்கு முன்னாடி எல்லாம் பார்த்தியா?” என்றார் மசனோபு.

“இன்னும் இல்ல. கேளுங்க. நீங்க கேட்டா நான் பாக்கறேன்.”

மறுபடி காற்று. பிறகு அவர் குரல், பழைய கனத்தில் இல்லை, ஆனால் பழைய வரிசையில் வந்தது.

“மோதிரம்.”

“ஆணியில. யோஷி.”

“இப்ப கழட்டி மாட்டினியா?”

“இல்ல. அங்கயேதான் இருக்கு. விரல்ல போகல.”

அவர் திருப்பி யோஷி சொல்லவில்லை. ‘ம்’ என்று மட்டும் ஒரு சத்தம், தொண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது.

“சாவி.”

“என் சட்டைப்பையில. தொட்டுப் பார்த்தேன். யோஷி.”

“ம். பேட்டரி.”

சயோகோ மூடியைத் தூக்கினாள். “நெகட்டிவ் வயர் கழட்டியிருக்கு, துணி சுத்தியிருக்கு. நீங்க சுத்தின துணிதான், என் பழைய ஏப்ரன். யோஷி.”

“ம். கட்டை.”

சயோகோ விரலை நீட்டினாள். முன் சக்கரத்தடியில் கட்டை இருந்தது, எப்போதும் இருக்கிற இடத்தில், நன்றாகத் தெரிந்தது. வாயில் ‘யோ’ வரை வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தினாள். பிறகு முழங்காலை மடக்கிக் குனிந்து, கட்டைவிரலால் மரத்தை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. கடலோர ஊரின் காற்றும் ஈரமும் சேர்ந்து மரம் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தது. அழுத்திய இடத்தில் ஈரமான தூள் உதிர்ந்தது.

“சயோ? கட்டை.”

“உளுத்துப்போயிருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“வலது.”

“கையை எடு. வெளிய வா.” குரல் திடீரென்று பட்டறை முழுக்க நிறைந்தது. “வந்துட்டியா? சயோ, வெளிய வந்துட்டியான்னு கேக்கறேன். எங்க நிக்கறே?”

“அடுப்புகிட்ட. உமேனோசான் பக்கத்துல. தள்ளித்தான் நிக்கறேன்.”

“அவ என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கறா” என்றார் உமேனோசான் போனைப் பார்த்து. “பயப்படாதே.”

அந்தப் பக்கத்தில் மசனோபு மூச்சு வாங்குவது கேட்டது. மரத்திலிருந்து இறங்கினவர் இல்லை, மரத்திலிருந்து விழுந்தவர் மாதிரி.

“ரப்பர் கட்டை இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“முன்னாடி பக்கமா போ. சக்கரத்துக்கு நேர்ல நிக்காதே. பக்கவாட்டுல இருந்து காலால தள்ளு, கையால வேண்டாம். ரெண்டு சக்கரத்துக்கும்.”

சயோகோ அப்படியே செய்தாள். காலால் தள்ளி, உதைத்து இறுக்கி, இரண்டடி பின்னால் வந்து குனிந்து பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள். “வலது கட்டை, யோஷி. இடது கட்டை, யோஷி.”

“நீங்க திருப்பிச் சொல்லல” என்றாள்.

“நான் பார்க்கல.”

“நான் பார்த்தேன்.”

“அன்னிக்கும் பார்க்காமதானே சொன்னேன். விரல் நீட்டினது நான்.”

“கட்டையை எடுத்துட்டுப் போனது நான். உங்ககிட்ட சொல்லாம எடுத்தேன். அதுக்கு மேல ‘யோஷி’ன்னு வேற கத்தினேன்.”

“அதை நீ என்கிட்ட சொன்னதே இல்ல.”

“நீங்க கேக்கறதுக்கு இருந்தீங்களா?”

காற்று. எங்கோ ஒரு கிளை ஒடிந்து விழுந்தது.

“அஞ்சு வருஷமா மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தி” என்றார் உமேனோசான் தன் கிண்ணத்திடம். “தப்பு என்னுது, என்னுதுன்னு. பங்கு போட்டிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்.”

“ஸ்டாண்டு” என்றார் மசனோபு, அதைக் கேட்காதவர் போல.

“ரெண்டும் நேரா நிக்குது. ஆணி முழுசா உள்ள இருக்கு. யோஷி.”

“ம்.”

இனி ஒன்றுதான் மிச்சம். சயோகோ லாரியின் ஜன்னல் வழியே கையை விட்டுப் பலகையைத் தொட்டாள். கயிறு கடினமாகியிருந்தது. கறுப்பு எழுத்து இன்னும் நன்றாகத் தெரிந்தது. சிவப்புதான் வெளுத்திருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும்.

“பலகை” என்றாள் அவளே. “உங்க பேர் போட்டது. கழட்டலாமா?”

போனில் மறுபடி அந்த ‘ம்’ வந்தது.

“சொல்லுங்க. இதுக்கு ‘ம்’ செல்லாது.”

“சயோ, நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். கண்ணால பார்க்காத எதுக்கும் இனிமே அந்த வார்த்தையைச் சொல்றதில்லைன்னு. ஏணிக்குக்கூடச் சொல்றதில்ல.”

“அப்ப நான் என்ன பண்றது? நாளைக்கு இரும்புக்காரன் வருவான்.”

“பலகை இருக்கட்டும்.”

“எத்தனை நாளைக்கு?”

“நான் வந்து பார்க்கிற வரைக்கும்.”

சயோகோ பலகையை விடவில்லை. பிடித்தபடியே நின்றாள்.

“எப்ப வருவீங்க?”

“இப்ப கிளம்பினா இருட்டறதுக்குள்ள கணவாயைத் தாண்டிடலாம்.”

வாங்க என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்தது. இத்தனை குளிர்காலமாக நெஞ்சில் வைத்திருந்த சொல், வாயைத் திறந்தால் தானாகவே வெளியே விழுந்துவிடும். வாயைத் திறக்கும்போது கண் வாசலுக்குப் போனது. வரிசையில் நின்ற வண்டிகளின் மேல் முதல் பனி விழத் தொடங்கியிருந்தது, அரிசி மாவைத் தூவுகிற மாதிரி. அவள் கண் அங்கிருந்து சுவரோர அடுக்குக்குப் போனது. மேல்தட்டில் நான்கு டயர்.

“உங்க வண்டியில என்ன டயர் போட்டிருக்கீங்க?”

“கோடை டயர்.”

“இத்தனை வருஷமும்?”

“குளிர்காலத்துல நான் எங்கயும் போறதில்ல. குளிர்கால டயர் அங்க இருக்கே.”

“இங்கதான் இருக்கு. என் தலைக்கு மேல.” சயோகோ மறுபடி வாசல் பனியைப் பார்த்தாள். “வராதீங்க.”

உமேனோசான் கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தார்.

“இங்கயே பனி இறங்கியாச்சு” என்றாள் சயோகோ. “மேல கணவாயில ரோடு வெள்ளையாயிருக்கும். கோடை டயரைப் போட்டுக்கிட்டு வாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வேற யாருக்காவது சொல்லுவேனா? இப்ப வெளிய நிக்கறாங்களே நாலு பேர், அவங்கள்ல ஒருத்தரையாவது அப்படி அனுப்புவேனா?”

“டயர்ல சுத்தற பனிச் சங்கிலி இருக்கு.”

“என்ன சங்கிலி? நாம ரெண்டு பேரும் வாங்கினதா? அது எந்தக் காலத்துது.”

“டிக்கியிலயே இருக்கு.”

“இருக்குன்னு சொன்னா ஆச்சா? போய்ப் பாருங்க. தொட்டுப் பாருங்க. நான் போன்லயே இருக்கேன்.”

சரளைக் கல்லின் மேல் நடக்கிற சத்தம் வந்தது. அண்ணி தூரத்தில் எங்க போறீங்க என்று கேட்டார், அதற்கு ஏதோ பதில். டிக்கி திறந்தது, அந்தக் கீல் இன்னும் கிறீச்சிட்டது, எண்ணெய் விடுங்கள் என்று சயோகோ சொல்லிக்கொண்டே இருப்பாள், அவர் மறந்துகொண்டே இருப்பார். பிறகு இரும்பு தரையில் சரிகிற சத்தம். ஒவ்வொரு கண்ணியாக விரலில் ஓடுகிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு. ரொம்ப நேரம் அது மட்டும்தான் கேட்டது. வாசலில் யாரோ ஹாரன் அடித்தார்கள். உமேனோசான் எழுந்து போய், “கொஞ்சம் பொறுங்க, மெக்கானிக்கம்மா ஆபரேஷன்ல இருக்காங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

“இடது சங்கிலி” என்றார் மசனோபு.

சயோகோ போன் பக்கம் திரும்பினாள்.

“கண்ணி விட்டுப்போகல. கொக்கி வளையல. மேல துரு இருக்கு, சுரண்டிப் பார்த்தேன், உள்ள போகல.” நிறுத்தினார். “யோஷி.”

சொல் கரகரவென்று, நெடுநாள் திறக்காத கதவு மாதிரி வந்தது.

“வலது சங்கிலி” என்றார். இப்போது கொஞ்சம் தெளிவாக. “ஒரு கண்ணி தேஞ்சிருக்கு. கம்பி போட்டுக் கட்டறேன். இரு.” கிணுகிணுப்பு. இடுக்கியின் சத்தம். “கட்டியாச்சு. இழுத்துப் பார்த்தேன். யோஷி.”

சயோகோ பலகையை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்தாள். கையில் கிரீஸ் இருந்தது, மூக்கில் பட்டது.

“நீ திருப்பிச் சொல்லல” என்றார் மசனோபு.

“நான் பார்க்கலையே.”

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம். சிரிப்பா, தும்மலா என்று சொல்ல முடியாது.

“கொண்டுவந்து காட்டறேன்” என்றார். “இறக்கம் வந்தா மெதுவாத்தான் வருவேன். நேரமாகும். வாசல்ல நின்னுக்கிட்டு இருக்காதே, குளிரும்.”

“நான் ஏன் நிக்கறேன். எனக்கு வேலை கிடக்கு.”

போன் அணைந்தது. சயோகோ அதை எடுத்துத் துணியால் துடைத்தாள். பிறகு ஏணியைக் கொண்டுவந்து அடுக்கில் சாய்த்து, நான்கு டயரையும் ஒன்றொன்றாக இறக்கி அடுப்பு வெளிச்சத்தில் நிறுத்தினாள். உட்கார்ந்து, ரப்பரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. திருப்பி இன்னொரு டயரில் அழுத்தினாள். அதிலும் இல்லை.

“என்ன?” என்றார் உமேனோசான்.

“கெட்டியாயிடுச்சு. வச்சே பழசாயிடுச்சு. பனியில பிடிக்காது.”

“அப்ப?”

“அப்ப, வந்தவரை இதைப் போட்டுத் திருப்பி அனுப்ப முடியாது. சங்கிலியும் ஒட்டுப்போட்டது. புது டயருக்குத்தான் சொல்லணும்.”

“எப்ப வரும் புது டயர்?”

சயோகோ டயரைச் சுழற்றி, இன்னொரு இடத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தாள். “இந்த சீசன்லயா? எல்லாரும் கேக்கற சமயம். சொல்லவே முடியாது உமேனோசான். பனிக்காலமே முடிஞ்சு போயிடலாம்.”

“ரொம்ப மோசமான டயர் கம்பெனிங்க” என்றார் உமேனோசான், மிகவும் திருப்தியாக. துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கினார். “ரெண்டு கட்டி டோஃபு இங்க வச்சிட்டுப் போறேன். சூடா ஏதாவது வை. மலை இறங்கி வர்றவனுக்குப் பசிக்கும்.”

“இரும்புக்காரன்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“அவன்கிட்டயா? நான் இன்னும் போனே பண்ணல.” வாசலில் போய்த் திரும்பிப் பார்த்தார். “முறைக்காதே. மூக்குல கிரீஸ்.”

அவர் போன பிறகு சயோகோ வாசலில் நின்ற அடுத்த வண்டியை உள்ளே விடச் சொன்னாள். கட்டை வைத்தாள், ஜாக்கி போட்டாள், ஒவ்வொன்றாக விரல் நீட்டிச் சொன்னாள். நடுவில் ஒருமுறை வெளியே வந்தாள், எந்த வேலையும் இல்லாமல். பனி அடர்ந்துவிட்டது. மலைப்பாதை ஊருக்குள் இறங்குகிற வளைவு மங்கலாகத் தெரிந்தது. அவள் மடங்காத விரல்களோடு கையைத் தூக்கி அந்த வளைவைச் சுட்டினாள். சொல் வாயில் தயாராக இருந்தது.

சொல்லவில்லை. அவர் வண்டி கண்ணில் படட்டும் என்று, நீட்டிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.